ரெண்டு பேர்ல யாரு ஒசத்தி

ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் அக்கா இன்னொன்றைத் தேடுவாள். ஒரே ஒரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு இனிக்கிறது என்று சொல்ல அவளுக்கு வராது. சயானில் வாங்கிய பழத்தைக் கடிக்கும்போது போன வாரம் மாட்டுங்காவில் வாங்கிய பழம் அவள் நாக்கில் இருக்கும். கடித்து, மெதுவாக மென்று, அப்புறம் சொல்வாள்: "மாட்டுங்காப் பழந்தான் ஒசத்தி. இது வெறும் தண்ணி இனிப்பு."

தாராவியில் எங்கள் ஒற்றை அறைக் கோலிக்கு எதிர்க்கோலி அவளுடையது. நடுவில் ஓடிய சாக்கடையைத் தாண்டிக் கால் வைத்தால் அவள் வாசல். கல்யாணமாகி நான் அங்கே வந்து இறங்கிய அன்று தெருப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டு, லட்சணமாக இருக்கிறாள், நல்ல ஜோடி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் என்னைப் பார்த்தாள், என் கணவரைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். "மாப்பிள்ளையவிடப் பொண்ணு ஒரு மாத்து கூடத்தான்" என்றாள். அவள் குரல் மெதுவாகப் பேசுகிற குரல் அல்ல. என் மாமியார் அதற்காக அவளோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கோ அந்தப் புது ஊரில் முதல் சிநேகிதி கிடைத்துவிட்டாள்.

சயானில் ஒரு மருந்துக் கம்பெனியில் அவள் புட்டி கழுவினாள். என்னையும் அங்கே சேர்த்துவிட்டது அவள்தான். கழுவிய புட்டிகளைக் கம்பிச் சட்டத்தில் கவிழ்க்கும் முன் இரண்டு கையிலும் இரண்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள்.

"ஏட்டி, இதுல எது சுத்தம்?"

"ரெண்டும் சுத்தமாத்தானக்கா இருக்கு."

"ரெண்டும் நல்லாருக்குன்னு சொல்லுதவ எதையும் சரியாப் பாக்காதவட்டி."

இதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். கேட்கிறவர்களும் சிரிப்போம். எட்டு மணி நேரம் தண்ணீரில் கை ஊறிப்போகிற வேலையில் அவள் தீர்ப்புகள்தான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. லோக்கல் ரயிலில் எந்த வண்டியில் காற்று நன்றாக வரும், கம்பெனிக் கேன்டீனில் எந்தப் பையன் போடுகிற டீ தேவலை, தீபாவளிக்கு யார் வீட்டு முறுக்கு மொறுமொறுப்பு என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் முடிவு உண்டு. முகத்துக்காக மாற்றிச் சொல்ல மாட்டாள். என் மாமியார் வைத்த மீன்குழம்பையும் நான் வைத்ததையும் ஒரே நாளில் தின்றுபார்த்து, என்னுடையது மட்டம் என்று என் எதிரிலேயே சொன்னாள். என் மாமியாரின் பழைய கோபம் அன்றைக்குத்தான் தீர்ந்தது.

அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். ஒரு தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் ஒரே துணியில் சட்டை தைத்திருந்தாள். போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அக்கா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "பெரியவளுக்குத்தான் எடுக்குது" என்றாள். அவ்வளவுதான். துணியைப் பற்றித்தான் சொன்னாள், பிள்ளையைப் பற்றி இல்லை. சின்னவள் உள்ளே போய்ப் புதுச் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டுப் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அன்று முழுக்க எவ்வளவு சொல்லியும் அதைப் போடவில்லை. அக்காவுக்கு அது ஏனென்று நிஜமாகவே புரியவில்லை. "நான் பொய்யா சொன்னேன்?" என்று என்னிடம் கேட்டாள். அவள் புருஷன் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர், அதிகம் பேசாத மனிதர். அவர் சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவள் நிறுத்துப் பார்க்காத ஒரே ஒருவர் உண்டு. அவர் வள்ளியூரார்.

அவருடைய பேரை யாரும் சொல்ல மாட்டார்கள். வள்ளியூரார் என்றாலே போதும். திருநெல்வேலிக்குத் தெற்கே கோயில் கொடைத் திருவிழாக்களில் தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடுகிறவர். உடுக்கையை விரல் நுனியால் தட்டிக்கொண்டு, யாரோ ஒருத்தியிடம் தனியாகப் பேசுகிற மாதிரிப் பாடுவாராம். ஊரைவிட்டுப் போனவர்களும், அவர்களுக்காகக் காத்திருப்பவர்களும்தான் அவர் பாட்டில் வருவார்கள். அக்கா பாவாடை சட்டை போட்டிருந்த வயதில் அவள் ஊர்க் கொடைக்கு வந்து பாடியிருக்கிறார். அதன் பிறகு அவர் பாடி அவள் கேட்டதில்லை. ரெக்கார்டு கிடையாது, ரேடியோவில் வந்ததும் இல்லை. கேட்டது காதில் இருந்தால் உண்டு. அக்காவின் காதில் இருந்தது.

*பொத்தையடிப் பாதையிலே*
*காத்து வந்து கேக்குதடி*
*போனவன் பேர் என்னன்னு – நான்*
*புதுசாப் பொய் சொன்னேன்டி.*

அவள் ஊர்ப் பக்கம் சின்னக் குன்றைப் பொத்தை என்பார்கள். புட்டி கழுவும்போது இந்த வரிகளைப் பாட்டாக இல்லாமல் பேச்சாகச் சொல்லுவாள். சினிமாவில் யார் பாடினாலும், திருவிழாவில் யார் பாடினாலும் அவள் சொல்கிற முடிவு ஒன்றுதான். "நல்லாத்தான் பாடுதான். வள்ளியூரார் ஆவானா?"

எல்லையில் சண்டை வந்து ஊரே விளக்கை மறைத்து வைத்திருந்த வருஷம் போய், அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் எங்கள் ஊர்ச்சங்கத்தார் ஒரு செய்தி கொண்டுவந்தார்கள். வள்ளியூரார் பம்பாய்க்கு வருகிறார். கூடவே சாத்தான்குளத்தாரும் வருகிறார். இருவரும் ஒரே மேடையில் பாடப்போகிறார்கள். முதல் நாள் தாராவி மைதானத்தில், ஒருநாள் விட்டு செம்பூரில்.

சாத்தான்குளத்தாரும் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்தான். கையில் கஞ்சிரா. அவர் பாட்டில் பனையேறியும் சந்தைக்காரியும் சண்டை போடுவார்கள், மாமியார் மருமகளிடம் தோற்பாள், ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். என் கணவர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர். அவருக்குச் சாத்தான்குளத்தார் என்றால் தெய்வம்.

செய்தி வந்த நாளிலிருந்து தெரு இரண்டாகிவிட்டது. குழாயடியில் இதே பேச்சு, டீக்கடையில் இதே பேச்சு. நான் வந்த இத்தனை நாளில் வள்ளியூர்ப் பக்கத்துக்காரர்களும் சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர்களும் தங்களை இரண்டு ஊராக நினைத்து நான் பார்த்ததில்லை. வெளியில் எல்லாருக்கும் நாங்கள் மதராஸிகள். இப்போது ஒருவர் கோலிக்கு ஒருவர் போவதுகூடக் குறைந்தது.

என் கணவர் எங்கள் வாசலில் இருந்தபடியே எதிர்வாசலைப் பார்த்துக் கேட்பார்.

"யக்கா, ஒங்க ஆளு ஒரு பாட்டுக்காவது சனத்தச் சிரிக்க வச்சிருக்காரா?"

"சிரிக்க வைக்கதுக்குக் கொரங்காட்டி போதும் தம்பி. அவரு பாட்டக் கேட்டுட்டு எங்க ஊருல ஒருத்தி ரெண்டு நா சோறு திங்கல."

"சோறு திங்காம இருக்கதுக்கா பாட்டு?"

"ஒங்க சாத்தான்குளத்தாரு பாடுவாரு. எங்க வள்ளியூராரு பாட்டாவே ஆயிருவாரு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

அப்போது அது விளையாட்டாகத்தான் இருந்தது. எனக்கு அக்காவின் பேச்சு பிடிக்கும்.

கச்சேரி நாளன்று வேலை முடிந்து நேரே மைதானத்துக்குப் போனோம். கொடைக்குப் போகிற மாதிரி எல்லாரும் பூ வைத்து, புதுசு உடுத்தி வந்திருந்தார்கள். விக்ரோலியிலிருந்தும் சுனாபட்டியிலிருந்தும்கூடக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். காற்றில் தோல் கிடங்கின் நாற்றம் அன்று கொஞ்சம் அதிகம். மேடையில் இரண்டு கிழவர்களும் ஒரே ஜமுக்காளத்தில், முழங்கால் முழங்காலில் படும்படி உட்கார்ந்திருந்தார்கள். சாத்தான்குளத்தார் கனத்த உடம்பு. வள்ளியூரார் இவ்வளவு சின்ன மனிதராக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. தோளில் ஒரு மப்ளர். அடிக்கடி செம்பை எடுத்து வெந்நீர் குடித்தார்.

மாறி மாறிப் பாடினார்கள். சாத்தான்குளத்தார் பாடும்போது மைதானமே குலுங்கியது. வள்ளியூரார் பாடும்போது அமைதியாக இருந்தது, ஆனால் அந்த அமைதியில் ஏதோ சங்கடம் இருந்தது. அவர் குரல் மேலே போகவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே நின்றது. வரிகளைச் சுருக்கிக்கொண்டார். அக்கா என் பக்கத்தில் இருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

பொத்தையடிப் பாதைப் பாட்டைத் தொடங்கியதும் வள்ளியூர்க்காரர்கள் பக்கம் விசில் பறந்தது. முதல் இரண்டு அடி வந்தது. மூன்றாவது அடியில் இருமல். உடுக்கையைத் தட்டிக்கொண்டே இருமினார். மூச்சு எடுக்க முடியவில்லை. அப்போது சாத்தான்குளத்தார் கஞ்சிராவைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அந்த அடியை எடுத்தார். கண்ணீர் வருகிற மாதிரி எடுத்தார். சிரிக்கவைக்கிற மனிதருக்கு அந்தக் குரல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. பாட்டை முடிக்கும்வரை அவரே பாடினார். வள்ளியூரார் கண்ணை மூடிக்கொண்டு உடுக்கையை மட்டும் தட்டினார். முடிந்ததும் எழுந்த கைத்தட்டல் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் எழுந்தது. ஆனால் திரும்பி வரும் வழியிலேயே அதைப் பங்கு போட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

"ஒங்காளுக்கு முடியல, எங்காளு தூக்கி நிறுத்துனாரு."

"தூக்கி நிறுத்துனாரா? பாட்டத் திருடிட்டாரு."

ஒருவன் சட்டையை ஒருவன் பிடிக்கிற அளவுக்குப் போனது. அக்கா அந்த வழக்கில் வாயே திறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மளிகைக் கடை அண்ணாச்சி வீட்டில் பாடகர்களுக்குச் சாப்பாடு. அண்ணாச்சிதான் சங்கத்தின் முக்கிய ஆள். பரிமாறுவதற்கு என்னையும் அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அக்கா காலையிலேயே குளித்து வந்து ரசம் அவள் கையாலேயே வைத்தாள். பந்தியில் சங்கத்துப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் இரண்டு கண்கள், இரண்டு பேரும் நெல்லைச் சீமையின் சொத்து என்று ஆள் மாற்றி ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி அக்காவைக் காட்டினார். "ஐயா, இந்த அம்மா ஒங்க ஊருப் பக்கம். ஒங்க பாட்டுன்னா உசிரு. எதையும் தராசுல வச்ச மாதிரிச் சொல்லும்."

வள்ளியூரார் நிமிர்ந்து பார்த்தார். "எம் பாட்ட எங்க வச்சுக் கேட்ட மகளே?"

"எங்க ஊரு கொடையில ஐயா. சின்னப் பிள்ளையில."

"நேத்து கேட்டியா?"

"கேட்டேன்."

"எப்பிடி?"

அக்கா கரண்டியை ரச வாளிக்குள் விட்டாள். "ரசம் ஆறுது. ஊத்திக்கிடுங்க ஐயா."

அவர் சிரித்தார். "இவிய எல்லாரும் காலையில இருந்து ரெண்டு கண்ணு ரெண்டு கண்ணுங்காவ. எனக்கு ஒரு கண்ணு மங்கிட்டுதுன்னு எனக்குத் தெரியாதா மகளே? நீ சொல்லு. எங்க ரெண்டு பேர்ல நேத்து யாரு ஒசத்தி?"

"ஏன்வே, திங்க எடத்துல பரீட்ச வைக்கீரு?" என்றார் சாத்தான்குளத்தார்.

"நீரு சும்மா இரும்."

நான் அக்காவின் சேலையைப் பின்னாலிருந்து இழுத்தேன். யாராவது நேராகக் கேட்டு, கடைசிவரை அவள் மழுப்பியதை நானும் பார்த்ததில்லை, அவள் புருஷன்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"அவியதான் ஐயா" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒங்க பாட்ட நடுவுல அவிய எடுத்துப் பாடுனாவள்லா, அப்பந்தான் அது நான் சின்னப் பிள்ளையில கேட்ட பாட்டாக் கேட்டுது. நீங்க பாடையில கேக்கல."

வள்ளியூரார் தலையை ஆட்டினார். "சரியாச் சொல்லிட்டா" என்றார். இலையைக் காட்டி ரசம் விடச் சொன்னார். நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அவருக்கு அடுத்த இலையில் சாத்தான்குளத்தார் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தை தாராவி முழுக்கப் போய்விட்டது. என் கணவர் டீக்கடையில் நின்றுகொண்டு, "வள்ளியூர்க்காரி வாயாலேயே வந்துட்டு, இனி என்ன பேச்சு?" என்று சொன்னாராம். வெற்றி பெற்ற முகத்தோடு வீட்டுக்கு வந்தார். அன்று நான் அவருக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

செம்பூரில் வள்ளியூரார் பாடவில்லை. மேடைக்கு வந்தார், அதே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். உடுக்கையை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. ஜால்ராவை வாங்கி வைத்துக்கொண்டு, நண்பர் பாடப் பாடத் தாளம் போட்டார். சனத்திலிருந்து யாரோ அவர் பாட்டைக் கேட்டுக் கத்தினார்கள். அவர் சிரித்துக்கொண்டே தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலையில், நாங்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரம், சாத்தான்குளத்தார் எங்கள் சந்துக்குள் வந்தார். அந்தக் கனத்த உடம்பை வைத்துக்கொண்டு சாக்கடை ஓரத்தில் கால் பார்த்துப் பார்த்து வந்து அக்காவின் வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டதற்கு வரவில்லை.

"நீ பொய் சொன்னன்னு நான் சொல்ல வரல" என்றார். "நீ எதக் கேட்டன்னு ஒனக்குத் தெரியல. அத்தன சனத்துக்கு முன்னால அவருக்கு மூச்சு நின்னுட்டுது. விழுந்துரப்படாதேன்னு நான் எடுத்தேன். என் குரலா அது? நான் அப்பிடிப் பாடி யாராவது கேட்டதுண்டா? கூடவே இருந்து கூடவே இருந்து என் காதுல கெடந்த அவரு குரலு அது. அத எடுத்து அவருக்கே குடுத்தேன். நீ பிடுங்கி எனக்குக் குடுத்துட்ட."

அக்கா படியிறங்கி அவர் எதிரே வந்தாள். "கேட்டாவளே ஐயா. அவிய கேக்கையில நான் என்ன செய்ய?"

"என்ன செய்ய. கேட்டது அவருல்லா." கோபம் வடிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படி இல்லை. "எங்களுக்குள்ள இதுவரைக்கும் யாரு ஒசத்தின்னு வந்ததில்ல. ஊருக்கு ஊரு நீங்கதான் கேட்டுக்கிட்டு இருந்திய. நாங்க சிரிப்போம். நேத்து ராவு அவரு என்கிட்ட 'அந்தப் பாட்ட இனி நீரே வச்சிக்கிடும்வே'ங்காரு. நான் எங்க கொண்டு வைக்க?"

அவர் போன பிறகு அக்கா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று கம்பெனிக்கு நான் தனியாகப் போனேன்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிய நாளில் தாதர் ஸ்டேஷனுக்கு அக்காவோடும் அவள் புருஷனோடும் நானும் போனேன். வழிக்குச் சாப்பிட இட்லி கட்டி எடுத்து வந்திருந்தாள். பிளாட்பாரத்தில் சங்கத்து ஆட்கள் மாலையோடு நின்றார்கள். அவர்கள் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொட்டலத்தைப் புருஷனிடம் கொடுத்து அனுப்பிவிட்டு அவள் தூண் பக்கமாக நின்றாள். மெயில் கிளம்பப்போகும் நேரத்தில் வள்ளியூரார் ஜன்னலிலிருந்து கையைக் காட்டி அவளைக் கூப்பிட்டார். ஓடினாள்.

"மாத்திச் சொல்ல வந்தியா மகளே?"

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள்.

"இல்ல ஐயா."

"நல்லது" என்றார். வண்டி நகர்ந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வெகுநேரம் கழித்து என்னிடம் சொன்னாள். "மாத்திச் சொல்லணும்னுதாண்டி வந்தேன். வாயில வரல."

அதற்குப் பிறகு அக்காவை யாரும் சும்மா விடவில்லை. வள்ளியூர்ப் பக்கத்துப் பெண்கள் குழாயடியில் அவள் குடத்தை ஒதுக்கிவைத்தார்கள். ஒரு மனுஷன் வாயை அடைத்தவள் என்று பேர். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். மறுபக்கத்துக்காரர்கள் அவளைக் கண்டால் நியாயஸ்தி என்று கொண்டாடினார்கள். அதுதான் அவளைத் தின்றது. அவர்கள் பேச ஆரம்பித்தாலே அந்த இடத்தை விட்டுப் போய்விடுவாள்.

நிறுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டாள். விடுகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் விட்டுவிட்டாள். கம்பெனியில் புட்டியை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். பெரியவள் இரண்டு ரிப்பனைக் கொண்டுவந்து எது நன்றாக இருக்கிறது என்று கேட்டபோது, "ஒனக்குப் புடிச்சத வையி" என்றாள். சின்னவள் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு அது நல்லதுதான் என்று அவள் புருஷன் என் கணவரிடம் சொன்னாராம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு தீர்ப்பாவது வரட்டும் என்று வேண்டுமென்றே உப்புக் கூடிய குழம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். எனக்கு அழுகை வந்தது.

வள்ளியூரார் அதன் பிறகு எந்தக் கொடையிலும் பாடவில்லை என்று ஊருக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவாராம், முன்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுவிட்டு வருவாராம். ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். மூச்சிரைப்பு என்றார்கள். எங்கள் தெருவில் அதற்கு வேறு காரணம் சொன்னார்கள். அதை அக்காவின் வாசலைக் கடக்கும்போது கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்கள்.

அவருக்காகச் சங்கத்தார் ஓர் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். மதராஸிக் கடைகள் மேல் கல் விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மைதானத்தில் கூட்டம் போடப் பயந்து, மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஒலிபெருக்கி இல்லாமல், ஜன்னல்களைச் சாத்தி வைத்து நடத்தினார்கள். சாத்தான்குளத்தார் ஊரிலிருந்து வந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. நான் எவ்வளவு தடுத்தும் அக்கா வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றிப் பாய் காலியாக இருந்தது. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பேசவேண்டியவர்கள் பேசி முடித்த பிறகு, அவர் பாட்டில் ஒன்றைப் பாடும்படி அண்ணாச்சி கேட்டார். எதைக் கேட்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

"நான் பாட மாட்டேன்" என்றார் சாத்தான்குளத்தார். "ஒருதடவ பாடுனதே போதும். அவருக்காவ அம்புட்டுச் சண்டை போட்டியளே, ஒங்கள்ல யாராவது வந்து பாடுங்க. நான் கேக்கேன்."

வள்ளியூராருக்காகச் சட்டையைப் பிடித்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவன் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான், அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பாட்டைப் பாடி, அந்த மனிதரோடும் எதிரே இருப்பவரோடும் ஒப்பிட்டுப் பேசப்பட யாருக்கும் மனசில்லை.

என் பக்கத்தில் அக்கா எழுந்தாள்.

அவள் முன்னால் நடந்து போனபோது ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. "இவளா?" என்று ஒருத்தி கேட்டது எனக்கே கேட்டது. அக்கா மேடை ஏறவில்லை. கீழேயே, சாத்தான்குளத்தாருக்கு எதிரே நின்றாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். பாடினாள்.

அவளுக்குப் பாட வரவில்லை. இதை இப்படித்தான் சொல்ல வேண்டும். மிகவும் கீழே தொடங்கிவிட்டாள். போகப் போகக் குரல் தரையோடு இழுபட்டது. மூன்றாவது அடியில் உடைந்தது. தாளக்காரர் ஒருமுறை சேர்ந்துகொள்ளப் பார்த்து, முடியாமல் ஜால்ராவை மடியில் வைத்துவிட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. தன் குரல் எப்படி இருக்கிறது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஹாலில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எல்லாம் தெரிந்துதான் ஒவ்வோர் அடியாகப் பாடினாள், அன்று இருமலில் போன அடியையும் சேர்த்து. முகம் வேர்த்திருந்தது. முடித்ததும் கும்பிடக்கூட இல்லை, அப்படியே நின்றாள்.

கைத்தட்டல் இல்லை. சாத்தான்குளத்தார் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த கஞ்சிராவை எடுத்தார். தன்னுடைய பாட்டு ஒன்றை எடுத்தார், சந்தைக்காரி பாட்டு. அது உச்சியில் தொடங்குகிற பாட்டு. மைதானத்தில் அவர் அதைத் தொடங்கியபோது ரயில்வே லைன் வரைக்கும் கேட்டிருக்கும். இப்போது அக்கா விட்ட இடத்திலிருந்தே, அந்தத் தாழ்ந்த சுருதியிலேயே தொடங்கினார்.

அது அவர் குரலுக்கு ஒத்துவரவில்லை. கீழே போய் மாட்டிக்கொண்டது, சில இடங்களில் வெறும் காற்றாக வந்தது. சிரிக்கவேண்டிய இடத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தாளக்காரர் குனிந்து அவர் காதில் சுருதியை ஏற்றச் சொன்னார். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு அதிலேயே பாடினார், கடைசி அடிவரைக்கும். அக்கா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து கேட்டாள்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது, யார் ஒசத்தி என்று பங்கு போட யாரிடமும் ஒன்றும் இல்லை. என் கணவர் எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். சாத்தான்குளத்தார் இப்படிப் பாடி அவர் கேட்டதில்லை. வழியில் டீக்கடையில்கூட அவர் நிற்கவில்லை. அக்கா தன் கோலிக் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அவர் உள்ளே வந்தார்.